உடம்பெல்லாம் வலி: ஒரு நோயும் அதன் பத்தியங்களும்

"எங்கே வலிக்கிறது?" என்று கேட்டால், "எங்கே வலிக்கவில்லை என்று கேளுங்கள்" என்று பதில் சொல்பவர் ஒவ்வொரு தெருவிலும் ஒருவராவது இருப்பார். பெரும்பாலும் பெண்ணாக இருப்பார். காலையில் எழுந்திருக்கும்போதே அடித்துப் போட்டதுபோல் இருக்கும். எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் தூங்கின நிறைவு இருக்காது. ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாது, எக்ஸ்ரேயும் சுத்தமாக இருக்கும். வீட்டில் உள்ளவர்கள் முதலில் தைலம் தேய்த்துவிடுவார்கள், பிறகு சலித்துக்கொள்வார்கள், கடைசியில் "எல்லாம் மனசுதான்" என்று முடித்துவிடுவார்கள்.

இதற்கு இன்று ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர். பிரெஞ்சில் ஃபிப்ரோமியால்ஜி. லத்தீனில் ஃபிப்ரா என்றால் நார். கிரேக்கத்தில் மியோ என்பது தசையையும் அல்கோஸ் என்பது வலியையும் குறிக்கும். மூன்றையும் ஒட்டினால் நார்த்தசை வலி. பெயர்தான் நீளமே தவிர, நம் பாட்டிமார் சொன்ன 'உடம்பு வலி'யைவிட அது அதிகமாக ஒன்றும் சொல்லவில்லை.

ஆனாலும் பெயர் முக்கியம். 35 ஆண்டுகள் அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் தள்ளியவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். எண் போடாத மனு மேசை மேலேயே கிடந்தாலும் இல்லாததற்குச் சமம். இந்த நோயும் சுமார் 400 ஆண்டுகள் எண் இல்லாமல் மேசை மேசையாக அலைந்த ஒரு மனுதான். அது எந்தெந்த மேசைக்குப் போயிற்று, ஒவ்வொரு மேசையிலும் நோயாளியின் சாப்பாட்டுத் தட்டிலிருந்து எதை எடுத்தார்கள், எதை வைத்தார்கள் என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

நீர் இறங்கிய காலம்

முதல் மேசை பாரீஸ் நகரத்தில். கியோம் தெ பையூ என்ற மருத்துவர் 1538-ல் பிறந்து 1616-ல் இறந்தவர். பாரீஸ் மருத்துவப் பீடத்தின் தலைவராக இருந்தவர். அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 1642-ல், அவருடைய எழுத்துகள் அச்சாயின. தசையிலும் மூட்டிலும் வரும் வலியை ரூமாத்திஸ்ம் என்ற சொல்லால் தனி நோயாகப் பிரித்துக் காட்டியவர் அவர்தான். ரூமா என்றால் கிரேக்கத்தில் ஒழுகுதல், வழிதல். தலையில் ஊறும் கெட்ட நீர் உடம்புக்குள் வழிந்து அங்கங்கே தங்கிவிடுவதால் வலி வருகிறது என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. நம் வீடுகளில் 'நீர்க்கோவை', 'தலையில் நீர் இறங்கிவிட்டது' என்று சொல்வதற்கும் இதற்கும் அதிக தூரம் இல்லை.

பத்தியமும் அப்படித்தான். அவர்கள் உணவைச் சூடு, குளிர்ச்சி, ஈரம், வறட்சி என்று பிரித்து வைத்திருந்தார்கள். ஈரமும் குளிர்ச்சியும் கூடினால் நோய் என்றால், அதற்கு எதிரானதைச் சாப்பிட வேண்டும். இளநீர் குளிர்ச்சி, மாம்பழம் சூடு என்று கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் கணக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது மேசையும் பாரீஸில்தான். பிரான்சுவா வலேக்ஸ் என்பவர் 1841-ல் நரம்பு வலிகளைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். விரலால் அழுத்தினால் சில குறிப்பிட்ட புள்ளிகளில் மட்டும் நோயாளி துள்ளிக் குதிக்கிறார் என்று எழுதி, அந்த இடங்களைப் பொறுமையாகக் குறித்து வைத்தார். 150 ஆண்டுகள் கழித்து இந்த நோயைக் கண்டுபிடிக்க மருத்துவர்கள் பயன்படுத்திய முறையும் கிட்டத்தட்ட அதேதான். வலேக்ஸ் குழந்தைகளுக்கும் வைத்தியம் பார்த்தவர். தொண்டை அடைப்பான் கண்ட ஒரு நோயாளியிடமிருந்து அந்த நோய் தொற்றி 1855-ல், ஐம்பது வயதுகூட ஆகாமல், இறந்துபோனார்.

பருப்பு குற்றவாளியான கதை

உணவு உண்மையிலேயே குற்றவாளிக் கூண்டில் ஏறியது இங்கிலாந்தில். 1848-ல் ஆல்ஃபிரட் கேரட் என்ற லண்டன் மருத்துவர், கௌட் என்னும் மூட்டு நோய் உள்ளவர்களின் ரத்தத்தில் யூரிக் அமிலம் கூடுதலாக இருப்பதைக் கண்டுபிடித்தார். பிறகு, ரத்தத்தின் தெளிநீரில் ஒரு நூலைப் போட்டு வைத்து, அதன்மேல் யூரிக் அமிலம் படிகமாகப் படிவதைக் காட்டும் எளிய சோதனையையும் சொன்னார். அது நல்ல வேலை, இன்றும் நிற்கிற வேலை. கௌட் நோய்க்கு யூரிக் அமிலம்தான் காரணம்.

ஆனால் ஒரு பூட்டுக்குச் சாவி கிடைத்தால் ஊரில் உள்ள எல்லாப் பூட்டிலும் அதைப் போட்டுப் பார்ப்பது மனித இயல்பு. அலெக்சாண்டர் ஹேக் என்ற இன்னொரு லண்டன் மருத்துவருக்குத் தீராத ஒற்றைத் தலைவலி. அவர் இறைச்சியை விட்டார், தலைவலி குறைந்தது. 1892-ல் யூரிக் அமிலத்தைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். தலைவலி, வாதம், சோர்வு, மனத்தளர்ச்சி எல்லாவற்றுக்கும் யூரிக் அமிலமே மூலம் என்று சாதித்தார். அவருடைய பத்தியத்தில் இறைச்சி, மீன், டீ, காப்பி ஆகியவற்றோடு பருப்பு வகைகளுக்கும் தடை. பாலும் ரொட்டியும் பழமும் கொட்டைகளும் சாப்பிடலாம். நம் ஊரில் பிறந்திருந்தால் சாம்பாரை ஒழித்த பெருமை அவருக்குக் கிடைத்திருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில் ஜேம்ஸ் சாலிஸ்பரி என்ற மருத்துவர் நேர் எதிரான உபதேசம் செய்துகொண்டிருந்தார். 1888-ல் வந்த அவருடைய புத்தகத்தின்படி, மாவுப் பண்டமும் காய்கறியும்தான் வயிற்றில் புளித்து நோயை உண்டாக்குகின்றன. ஆகவே கொத்திய மாட்டிறைச்சியைத் தட்டையாகத் தட்டிச் சுட்டு மூன்று வேளையும் சாப்பிட வேண்டும்; நடுவில் வெந்நீர் குடிக்க வேண்டும். வாதம் உட்படப் பல நாட்பட்ட நோய்களுக்கு அவர் சொன்ன வழி இதுதான். சாலிஸ்பரி ஸ்டேக் என்று அவர் பெயரில் ஒரு பண்டம் அமெரிக்காவில் இன்றும் இருக்கிறது.

ஒரே வலிக்கு ஒருவர் இறைச்சியைத் தொடாதே என்றார், இன்னொருவர் இறைச்சியைத் தவிர வேறெதையும் அதிகம் தொடாதே என்றார். இருவருக்கும் ஆயிரக்கணக்கில் அடியார்கள். இருவரிடமும் குணமானவர்கள் இருந்தார்கள். எனக்குப் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு மொழி போதித்த ஆசிரியர், ரெஜீம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் என்பார். ஒன்று ஆட்சி, மற்றொன்று சாப்பாட்டுக் கட்டுப்பாடு. இந்தப் பத்திய வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் அந்த இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றுகிறது. புதிதாக வருகிறவர் பழைய ஆட்சியின் உத்தரவை எல்லாம் ரத்து செய்துவிட்டுப் புது உத்தரவு போடுகிறார். குடிமகன் பாடு மாறுவதில்லை.

குடலின்மேல் பழி

அடுத்த ஆட்சி பாரீஸிலிருந்து கிளம்பியது. 1887-ல் ஷார்ல் புஷார் என்ற பேராசிரியர், குடலில் தேங்கும் கழிவிலிருந்து விஷம் ரத்தத்தில் கலந்து உடம்பை வாட்டுகிறது என்ற கொள்கையைப் பரப்பினார். பாஸ்தர் நிலையத்தில் பணிபுரிந்த மெச்னிகோவ் இதை இன்னும் எடுத்துச் சென்று, புளித்த பாலில் உள்ள நுண்ணுயிர்கள் குடலின் கெட்ட கிருமிகளை அடக்கும் என்றார். அவர் 1908-ல் நோபல் பரிசு பெற்றவர். அது தயிருக்காக அல்ல, உடம்பின் எதிர்ப்புச் சக்தி பற்றிய ஆராய்ச்சிக்காக. ஆனால் அந்தப் புகழின் நிழலில் ஐரோப்பா முழுவதும் புளித்த பால் விற்பனை சூடு பிடித்தது. தினமும் மோர் சாதம் சாப்பிட்டுக் கையலம்பும் நமக்கு இது ஒரு செய்தியே இல்லை.

தயிரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. லண்டனில் ஆர்புத்நாட் லேன் என்ற கைராசிக்கார அறுவை மருத்துவர், குடல்தானே விஷத் தொட்டி, அதை வெட்டி எடுத்துவிடலாம் என்று இறங்கினார். மூட்டு வலியோடும் சோர்வோடும் வந்தவர்களில் பலர் பெருங்குடலை இழந்தார்கள். சிலர் உயிரையும் இழந்தார்கள். வேறு சிலர் வாயில் உள்ள சீழ்தான் காரணம் என்று வரிசையாகப் பற்களைப் பிடுங்கினார்கள். வலி பல்லோடு போகவில்லை.

ஆரவாரமில்லாத வழி ஒன்றும் பக்கத்திலேயே இருந்தது. பிரான்சில் விஷி, எக்ஸ் லெ பேன் போன்ற ஊற்று நகரங்களுக்குப் போய், வெந்நீரில் குளித்து, அளவாகச் சாப்பிட்டு, மாலையில் நடந்து, நேரத்தில் தூங்கித் திரும்பும் வழக்கம். இன்றைக்கும் மருத்துவர் எழுதிக் கொடுத்தால் 18 நாள் ஊற்றுச் சிகிச்சைக்கு பிரெஞ்சு சமூகப் பாதுகாப்பு நிறுவனம் பணம் கொடுக்கிறது. நம் ஊர் சொல்தா குடும்பங்களுக்கு இது தெரிந்திருக்கும். நீரில் உள்ள தாதுவுக்கு மகிமை என்று விளம்பரம் சொல்லும். வெதுவெதுப்பும் நடையும் தூக்கமும் தங்கள் பங்கைச் சத்தமில்லாமல் செய்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கிளாஸ்கோவின் இரண்டு பாடங்கள்

1904-ல் இந்த மனுவுக்கு முதல் முறையாக ஒரு தனிப்பெயர் கிடைத்தது. வில்லியம் கவர்ஸ் என்ற லண்டன் நரம்பியல் மருத்துவர் இடுப்பு வலியைப் பற்றிப் பேசியபோது, நார்த்திசுவில் ஏற்படும் அழற்சி என்ற பொருளில் ஃபைப்ரோசைட்டிஸ் என்ற சொல்லை உருவாக்கினார். அதே ஆண்டு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பேராசிரியர் ரால்ஃப் ஸ்டாக்மன், இப்படிப்பட்ட நோயாளிகளின் தசையில் தட்டுப்பட்ட முடிச்சுகளை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்து, அழற்சி இருக்கிறது என்று எழுதினார். பெயரும் சான்றும் ஒரே ஆண்டில் கிடைத்துவிட்டன. பிறகு வந்தவர்கள் எத்தனை முறை தேடியும் அந்த அழற்சி திரும்பக் கிடைக்கவில்லை. சான்று போன பிறகும் பெயர் மட்டும் எழுபது ஆண்டுகள் ஓடியது.

கிளாஸ்கோவின் இரண்டாவது பாடம் நம்மைப் போன்றவர்களுக்கு அதிகம் பொருந்தும். 1962-ல் டன்னிகன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும், அந்த நகரில் குடியேறியிருந்த பாகிஸ்தானியக் குடும்பங்களில் எலும்பு மென்மையாகும் நோய் இருப்பதைப் பதிவு செய்தார்கள். எலும்பிலும் தசையிலும் வலி, மாடிப்படி ஏற முடியாத பலவீனம். காரணம் வைட்டமின் டி குறைவு. ஸ்காட்லாந்தில் வெயில் குறைவு. பெண்கள் வெளியே வருவதும் குறைவு. சாப்பாட்டில் சப்பாத்தி அதிகம், வைட்டமின் டி உள்ள பண்டங்கள் அரிது. 1979 முதல் அந்த நகரில் ஆசியக் குழந்தைகளுக்கு வைட்டமின் டி இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியதும் நோய் குறைந்தது.

இது ஃபைப்ரோமயால்ஜியா அல்ல. ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அக்காள் தங்கை போல இருக்கும். ஒன்றுக்கு மாத்திரையில் தீர்வு உண்டு, மற்றதற்கு அப்படி இல்லை. வெயில் கொளுத்தும் நம் ஊரிலும் வைட்டமின் டி குறைவு ஏராளம். வயதானவர்கள் காலை ஒன்பது மணிக்கு மேல் வாசலுக்கே வருவதில்லை அல்லவா? "உடம்பெல்லாம் வலி" என்று சொல்பவருக்கு முதலில் வைட்டமின் டி, தைராய்டு, ரத்தசோகை ஆகியவற்றைப் பார்த்துவிட வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

தூக்கம் கெட்டால்

1970-களில் மனு கனடாவின் டொரண்டோ நகருக்குப் போனது. அங்கே ஹார்வி மோல்டோஃப்ஸ்கி, ஹியூ ஸ்மைத் என்ற இருவர் புதிய கேள்வி ஒன்றைக் கேட்டார்கள். வலியால் தூக்கம் கெடுகிறது என்கிறோமே, தூக்கம் கெட்டதால் வலி வருகிறதா? ஆரோக்கியமான சிலரைப் படுக்க வைத்து, அவர்கள் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகும்போதெல்லாம் ஓசை எழுப்பி அந்த உறக்கத்தை மட்டும் கலைத்தார்கள். சில இரவுகளிலேயே அவர்களுக்குத் தசை வலியும் சோர்வும் வந்தன. அழுத்தினால் வலிக்கும் புள்ளிகளும் வந்தன. உறக்கத்தைத் திருப்பிக் கொடுத்ததும் அவை மறைந்தன. இந்த முடிவு 1975-ல் வெளிவந்தது. முடிச்சு, யூரிக் அமிலம், குடல் விஷம் என்று தேடியவர்களில் யாரும் இரவில் நோயாளியின் கட்டிலருகே உட்கார்ந்து பார்க்கவில்லை.

1976-ல் ஹென்ச் என்ற அமெரிக்க மருத்துவர், அழற்சி இல்லாத நோய்க்கு அழற்சிப் பெயர் எதற்கு என்று கேட்டு, ஃபைப்ரோமயால்ஜியா என்ற பெயரைச் சொன்னார். இவருடைய தந்தையும் பெயர் பெற்ற மருத்துவர்; மூட்டு அழற்சிக்கு கார்டிசோன் மருந்தைக் கண்டதற்காக 1950-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். தந்தையின் மருந்து எந்த நோய்க்கு வேலை செய்வதில்லையோ, அந்த நோய்க்கு மகன் பெயர் வைத்தார்.

1981-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், வங்காளதேசத்தைச் சேர்ந்த மருத்துவர் முகமது யூனுஸ் 50 நோயாளிகளையும் 50 ஆரோக்கியமானவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். (நோபல் பரிசு வாங்கிய யூனுஸ் வேறு.) 1990-ல் அமெரிக்க வாதநோய் மருத்துவர் சங்கம் ஒரு விதி வகுத்தது. உடம்பில் 18 புள்ளிகள். சுமார் 4 கிலோ விசையில் அழுத்தினால் 11 புள்ளிகளிலாவது வலிக்க வேண்டும். 2010-ல் அந்த விதியும் மாறியது. புள்ளிகளை எண்ணுவதைவிட, வலி எத்தனை இடங்களில் பரவியிருக்கிறது, சோர்வு எவ்வளவு, தூக்கம் எப்படி, மறதி உண்டா என்று நோயாளியைக் கேட்டு எழுதிக்கொள்ளும் முறை வந்தது. மனுதாரர் சொல்வதைக் கேட்டு எழுதுவதற்கு இவ்வளவு காலம் ஆயிற்று!

பிரான்சில் 2007-ல் தேசிய மருத்துவக் கழகம் தன் அறிக்கையில் இந்த நோயை ஏற்றுக்கொண்டது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் பத்தாம் பதிப்பில் இதற்கு எம் 79.7 என்று எண் கொடுக்கப்பட்டது. கோப்புக்கு எண் விழுந்துவிட்டது.

இன்றைய விளக்கம் சுருக்கமாக இதுதான். தசையில் பழுது இல்லை. வலியைப் பற்றிய செய்தியை வாங்கிக்கொள்ளும் மூளையும் தண்டுவடமும் ஒலி கூட்டி வைத்த வானொலிப் பெட்டி போல இருக்கின்றன. மெல்லப் பேசினாலும் உள்ளே கத்தலாகக் கேட்கிறது. கேட்பவருக்கு அந்தச் சத்தம் பொய்யல்ல.

வீட்டுக்குள் வந்த பட்டியல்

என் தங்கைக்கு இந்த நோய். 2006-ல் சிக்குன்குனியா வந்து நம் ஊரே கூனிக் குறுகி நடந்தது நினைவிருக்கும். அதே சமயம் ரெயூனியோன் தீவில் மக்கள் தொகையில் மூன்றில் ஒரு பங்கினர் படுத்துவிட்டார்கள் என்று அங்கே உள்ள உறவினர்கள் சொன்னார்கள். மற்றவர்களுக்குச் சில மாதங்களில் சரியாயிற்று. தங்கைக்கு மூட்டு வீக்கம் போனது, வலி போகவில்லை. உடம்பு முழுக்கப் பரவியது. ஐந்தாறு ஆண்டுகள் எந்த மருத்துவரும் பெயர் சொல்லவில்லை.

பெயர் தெரியாத நேரத்தில்தான் ஓர் உணவுச் சிகிச்சை மையத்தின் விளம்பரம் அவள் கண்ணில் பட்டது. ஒரு பட்டியல் கொடுத்தார்கள். அரிசி கூடாது, கோதுமை கூடாது, பால் தயிர் கூடாது, பருப்பு கூடாது, கத்தரிக்காய், தக்காளி, உருளைக்கிழங்கு, புளி கூடாது. இவற்றுக்குப் பதிலாக அவர்களே விற்கும் ஒரு மாவு, மாதம் 3,800 ரூபாய். முதல் மாதம் வலி குறைந்ததுபோல் இருந்தது. நான்காம் மாதம் எடை 9 கிலோ இறங்கி, ஹீமோகுளோபின் 8-க்கு வந்து, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. வலி பழையபடி திரும்பியிருந்தது. அங்கே போய்க் கேட்டபோது, "அம்மா சரியாகப் பத்தியம் இருக்கவில்லை" என்றார்கள். ஒரு வாய் தயிர் சாதத்துக்கு ஏங்கியும் தொடாமல் இருந்தவள் அவள்.

பிறகு அரசு மருத்துவமனையில் ஒரு பெண் மருத்துவர் அவளை அரை மணி நேரம் உட்கார வைத்துக் கேட்டார். "தூங்குகிறீர்களா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. நோயின் பெயரைச் சொன்னார். வைட்டமின் டி மிகக் குறைவு என்று கண்டு அதற்கும் இரும்புச் சத்துக்கும் மருந்து கொடுத்தார். "பட்டியலைக் கிழித்துப் போடுங்கள். வீட்டுச் சாப்பாடு சாப்பிடுங்கள். தினமும் நடங்கள், முதல் வாரம் பத்து நிமிஷம் போதும்" என்றார். தங்கை அன்று வீட்டுக்கு வந்து அழுதாள். வலியால் அல்ல. "அண்ணா, நான் பொய் சொல்லவில்லை என்று ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார்" என்றாள்.

உணவைப் பற்றி ஆராய்ச்சி என்ன சொல்கிறது

உணவுக்கு இதில் பங்கே இல்லையா? இருக்கிறது. எவ்வளவு என்பதுதான் கேள்வி.

பின்லாந்தில் 2000-ல் வெளியான ஓர் ஆய்வில், மூன்று மாதம் சமைக்காத தாவர உணவு மட்டும் சாப்பிட்டவர்களுக்கு வலியும் விறைப்பும் குறைந்தன, தூக்கம் மேம்பட்டது. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் பருமனானவர்கள், அந்த மூன்று மாதத்தில் எடையும் குறைந்தது. நன்மை காய்கறியாலா, எடை குறைந்ததாலா? சொல்ல முடியாது. போர்ச்சுகலில் 2016-ல், வயிற்றில் எளிதில் புளித்துக் காற்றை உண்டாக்கும் பண்டங்களை நான்கு வாரம் விலக்கியபோது, 38 பெண்களில் வயிற்றுத் தொல்லையோடு வலியும் தணிந்தது. இந்த நோய் உள்ளவர்களில் பலருக்கு வயிற்றுப் பொருமலும் சேர்ந்து இருக்கும் என்பதால் இது கவனிக்க வேண்டிய செய்தி. ஆனால் ஒப்பிட வேறு குழு வைக்கப்படவில்லை. ஆஸ்திரியாவில் 2014-ல், வைட்டமின் டி குறைவாக உள்ள 30 பெண்களிடம் நடந்த சோதனையில், குறைவை ஈடு செய்தவர்களுக்கு வலி குறைந்தது.

எல்லாமே சிறிய ஆய்வுகள். ஐரோப்பிய வாதநோய் மருத்துவர் அமைப்பு தன் புதிய பரிந்துரைகளை வெளியிட்டபோது, எல்லாச் சிகிச்சைகளிலும் ஒன்றே ஒன்றை மட்டும்தான் உறுதியாகப் பரிந்துரைத்தது. அது உடற்பயிற்சி. எந்தப் பண்டமும் அந்த இடத்தைப் பிடிக்கவில்லை.

ஆகவே எனக்குத் தெரிந்த அளவில் கணக்கு இப்படி முடிகிறது. இந்த நோயைக் கொண்டுவரும் பண்டமும் இல்லை, விரட்டும் பண்டமும் இல்லை. நல்ல சாப்பாடு செய்யும் உதவி சுற்றுவழியில் வருகிறது. எடை கூடாமல் பார்த்துக்கொண்டால் நடக்க முடிகிறது. பருப்பு, முட்டை, மத்தி மீன் என்று புரதம் கிடைத்தால் தசைக்கு வலு இருக்கிறது. கீரையும் கேழ்வரகும் பழமும் இருந்தால் வயிறு ஒழுங்காக இருக்கிறது. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் காப்பியை நிறுத்தி, இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் இலேசாக முடித்தால் தூக்கம் வருகிறது. தூக்கம் வந்தால் மறுநாள் வலி ஒரு படி இறங்குகிறது. டொரண்டோ ஆராய்ச்சியின் பாடம் அது.

ஏதாவது ஒரு பண்டம் ஒத்துக்கொள்ளவில்லை என்று சந்தேகம் வந்தால், மருத்துவரிடம் சொல்லிவிட்டு, ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் இரண்டு மூன்று வாரம் நிறுத்திப் பார்க்கலாம். ஒரு நோட்டில் தேதி, சாப்பாடு, தூக்கம், வலி என்று நான்கு பத்தி கோடு போட்டு எழுதி வரலாம். தங்கைக்கு அப்படி ஒரு பதிவேடு நான் போட்டுக் கொடுத்தேன். மூன்று மாதப் பதிவில் தெரிந்தது இதுதான்: கத்தரிக்காய் நிரபராதி, பரோட்டா சாப்பிட்ட இரவுகளில் பொருமலால் தூக்கம் இல்லை, நடக்காத நாட்களுக்கு அடுத்த நாள் விறைப்பு அதிகம். இது அவளுடைய உடம்பின் கணக்கு. உங்கள் நோட்டில் வேறு மாதிரி வரலாம்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. வைட்டமின் டி நல்லது என்று கேள்விப்பட்டு மருந்துக் கடையில் வாங்கி விழுங்க வேண்டாம். அளவு மீறினால் சிறுநீரகத்துக்குக் கேடு. சாப்பிட்டு வரும் மாத்திரைகளை எந்தப் பத்தியத்தையும் நம்பி நிறுத்த வேண்டாம்.

வள்ளுவர் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் எழுதியிருக்கிறார். தமிழ் படித்தவர்கள் எல்லோரும் அறிந்ததுதான். நான் பள்ளியில் பிரெஞ்சு படித்தவன்; அதனால் அதை வேலைக்கு வந்த பிறகே நிதானமாகப் படித்தேன். அதில் எனக்கு வியப்பாகப் பட்டது ஒன்று உண்டு. பத்துக் குறளிலும் ஒரு காயின் பெயரோ கனியின் பெயரோ கிடையாது. இதைத் தின்னாதே, அதைத் தின்னு என்ற பட்டியலே இல்லை. பசித்த பின், அளவறிந்து, ஒத்துக்கொள்வதைச் சாப்பிடச் சொல்கிறார். ஹேக்கும் சாலிஸ்பரியும் அந்த அதிகாரத்தைப் படித்திருந்தால் பல பேர் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார்கள்.

அதே அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவத்துக்கு நான்கு பேரைக் கூட்டுகிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து கவனிப்பவர். இந்த நோயில் மருத்துவர்கள் நானூறு ஆண்டுகள் தடுமாறினார்கள், மருந்து இன்னும் அரைகுறை. மீதி இருப்பது நான்காம் ஆள். அவர் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. "எல்லாம் மனசுதான்" என்று சொல்லாமல், மாலையில் செருப்பை மாட்டிக்கொண்டு, "வா, கடற்கரைச் சாலை வரை நடந்துவிட்டு வரலாம்" என்று கூப்பிட்டால் போதும்.